இருபது நிமிடம் ஓட்டிவிட்டு கேட்டர்ஹாமுக்கு முன்பணம் கட்டலாமா?

மார்ச் 2 | கவென்ட்ரிக்காரன்

வயது 38. ஆறடி ஒரு அங்குலம். ஷூ அளவு 11. இப்போது மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு டீலர் கேட்டர்ஹாம் செவன் 360 என்ற, கதவில்லாத இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை இருபது நிமிடம் ஓட்டக் கொடுத்தார். நல்ல வெயில், காய்ந்த ரோடு. இறங்கும்போதே முன்பணம் கட்டிவிடலாம் போலிருந்தது. உதிரிகளாகப் பெட்டியில் வரும் கிட்டாக வாங்கி கராஜில் நானே பூட்டுவதாகத் திட்டம். பிடித்துப் போன பிறகு இன்னும் எதற்கு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மார்ச் 2, இரவு | டெர்பிவாசி

கட்டாதீர்கள்.

அந்த இருபது நிமிடத்தில் பிடிக்காமல் போன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. டீலருக்கும் அது தெரியும், அதனால்தான் இருபது நிமிடம். ஐநூற்றுச் சொச்சம் கிலோ எடை, 180 பிஎச்பி, உட்காரும் இடம் தரைக்கு ஒரு சாண் மேலே. யாருக்குத்தான் பிடிக்காது? நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டியது பிடிக்காத நேரத்தை. மழை, மோட்டார்வே, இருட்டு, பக்கத்தில் மனைவி, இரண்டாவது மணி நேரம்.

அதற்கும் முன்னால் உடம்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. நீங்கள் ஓட்டியது ஒடுக்கமான எஸ்3 சேஸியா, அகலமான எஸ்வியா? எஸ்வி 110 மில்லிமீட்டர் அகலம் கூட. எடையும் கொஞ்சம் கூடும். ஆறடிக்கு மேல் இருப்பவர் இரண்டிலும் உட்கார்ந்து பார்க்காமல் பேசவே கூடாது. எஸ்3-ல் ஏறுவது தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி, இதில் தலையணை நாம்தான். கதவுக்குப் பதிலாக இருக்கும் பக்கத் திரையைக் கழற்று, ஸ்டீயரிங்கை உருவு, சீட்டின் மேலேயே ஏறி நில், ரோல் பாரைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே இறக்கு. இதை டீலர் கடையில் ஒருமுறை செய்தால் சிரிப்பு வரும். டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் வாசலில் மழையில் செய்யும்போது வருமா என்று பாருங்கள்.

சீட்டுக்கு அடியில் தரையைத் தாழ்த்தித் தரும் வசதியும் உண்டு. உயரமானவர்களுக்கு அது அவசியம். இல்லாவிட்டால் கண்ணாடியின் மேல் சட்டம் சரியாகக் கண்மட்டத்தில் நிற்கும்.

மார்ச் 3 | டெர்பிவாசி

ஷூவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அளவு 11 என்றால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பீர்கள். மூன்று பெடலும் ஒரு கை அகலத்துக்குள் இருக்கின்றன. டீலரிடம் என்ன ஷூ போட்டுக்கொண்டு போனீர்கள்? ஓரம் விரிந்த ஓட்டப்பயிற்சி ஷூவெல்லாம் ஆகாது. கோ-கார்ட் பந்தயம் ஓட்டுகிறவர்கள் போடும் ஒடுக்கமான, அடி மெல்லிய ஷூ வாங்குங்கள். காரை வாங்காமல் போனாலும் அது வீணாகாது.

மார்ச் 9 | டெர்பிவாசி

“360 எல்லாம் எதற்கு, நேரே 620-க்குப் போங்கள்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, 620ஆர் 310 பிஎச்பி, சூப்பர்சார்ஜர். அறுபது மைல் வேகத்துக்கு மூன்று வினாடிக்கும் குறைவு. ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக் மிதிக்க உதவும் சர்வோவும் இல்லை. இரண்டாவது கியரைத் தாண்டுவதற்குள் லைசென்ஸுக்கு ஆபத்து. காசு இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

என் வாதம் எதிர்த்திசையில். இந்த வகைக் காரில் மிகக் குறைந்த சக்தி உள்ளதை முதலில் ஓட்ட வேண்டும். பெரியதை ஓட்டிவிட்டுச் சின்னதுக்கு வந்தால் சின்னது சப்பென்று இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே தோன்றாது. சின்னதிலிருந்து போனால், எந்த இடத்தில் போதும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

செவன் வரிசையில் ஆகச் சின்னதான 170-ஐ நான் இன்னும் ஓட்டவில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 84 பிஎச்பி, சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ. காகிதத்தில் பார்த்தால் பொம்மைக் கணக்காகத்தான் இருக்கிறது.

மார்ச் 17 | டெர்பிவாசி

இழை வேறு பக்கம் போய்விட்டது. பரவாயில்லை, கேட்டதற்குச் சொல்கிறேன். ஏன் பிரிட்டனில் இத்தனை ஆட்கள் காரைப் பெட்டியில் வாங்கிப் பூட்டுகிறார்கள்?

வரிதான். 1957-ல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது முழுக் காருக்கு ‘பர்ச்சேஸ் டாக்ஸ்’ உண்டு, உதிரிகளாக வாங்கினால் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் காராகிவிடும் என்று வரிக்காரர்கள் சொன்னதாகவும், அதனால் பிரித்துப் போடும் முறையை அச்சடித்துக் கொடுத்து, பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொள்ளச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இது வந்துவிடும்.

1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு சாப்மனிடமிருந்து செவனின் உரிமையை வாங்கியவர் கிரகாம் நியர்ன். சர்ரேயில் கேட்டர்ஹாம் ஊரில் கடை வைத்திருந்தவர், கார் பெயரும் அங்கிருந்துதான். இப்போது தொழிற்சாலை டார்ட்ஃபோர்டில். 2021 முதல் உரிமையாளர் ஜப்பானின் விடி ஹோல்டிங்ஸ். வரிக் காரணம் போய் ஐம்பது வருடம் ஆகியும் கிட் போகவில்லை. ஸ்பேனர் பிடிக்கிற சந்தோஷத்துக்கு யாரும் வரி போடவில்லை.

கிட் வாங்கிய என் நண்பர் வீட்டில் பெட்டிகள் வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பாட்டி, “சமையலறை மாற்றுகிறீர்களா?” என்று கேட்டாராம்.

ஏப்ரல் 8 | டெர்பிவாசி

வார இறுதிக்கு ஒரு 270-ஐ வாடகைக்கு எடுத்தேன். ஃபோர்டு சிக்மா 1.6, 135 பிஎச்பி, எஸ்3 சேஸி. வெள்ளி மாலை எடுத்து, இன்று காலை திருப்பிக் கொடுத்தேன். வைப்புத்தொகை என்று ஒரு பெரிய தொகையைக் கார்டில் நிறுத்தி வைக்கிறார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவலாம்.

முதலில் எம்1 மோட்டார்வே. இதைத்தான் வேண்டுமென்றே முதலில் செய்தேன். அறுபதுக்கு மேல் போனதும் காற்றின் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழாது. என்ஜின் ஓடுகிறதா என்பதை டாக்கோமீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வலப்பக்கம் ஒரு லாரி கடந்தது. அதன் சக்கர நட்டுகள் என் கண்மட்டத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. லாரிக்காரர் என்னைப் பார்த்தாரா என்று தெரிய வழியே இல்லை. அந்தப் பயணம் முழுவதும், ‘அவர் என்னைப் பார்க்கவில்லை’ என்று வைத்துக்கொண்டே ஓட்டினேன். இனி எப்போது ஓட்டினாலும் அப்படித்தான் ஓட்டுவேன்.

இண்டிகேட்டர் டேஷ்போர்டில் ஒரு சுண்டு சுவிட்ச். தானாக அணையாது. டெர்பி ரவுண்டானா வரைக்கும் இடது பக்கம் மின்னிக்கொண்டே வந்திருக்கிறேன், பின்னால் வந்த வேன்காரர் ஒளியடித்துச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மனைவியோடு ஏ52 பிடித்து ஆஷ்போர்ன், அங்கிருந்து ஏ515-ல் பக்ஸ்டன் பக்கம். ஆஷ்போர்ன் தாண்டியதும் மழை. கூரை என்பது ஒரு துணி, இரண்டு கம்பி, ஒரு வரிசை டிச் பட்டன். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின்னால் மடித்து வைத்ததை எடுத்து விரித்தால் துணி குளிரில் சுருங்கியிருக்கிறது. கடைசிப் பட்டன் அதன் குமிழுக்கு எட்டவே இல்லை. கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் அமுக்க வேண்டும். நகம் போய்விடும் போலிருந்தது. மாட்டி முடித்து உள்ளே நுழைந்தால் (கூரை போட்டபின் நுழைவது தனி வித்தை) கண்ணாடி முழுக்க ஆவி. சூடேறும் கண்ணாடி என்பதால் அது சீக்கிரம் விலகியது, அந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேயர்களைப் பாராட்டலாம். ஹீட்டருக்குப் பாதி வெப்பம் என்ற பேச்சே இல்லை. போட்டால் கால் வேகும், அணைத்தால் முழங்கால் விறைக்கும். இடது தொடையை கியர்பாக்ஸ் சுரங்கம் தனியாக வறுத்தது. “இதற்கு டிரெண்ட் பார்ட்டன் பஸ்ஸிலேயே போயிருக்கலாம்” என்றாள் மனைவி.

அப்புறம் ஹார்டிங்டன் பக்கம் திரும்பினோம். மழை விட்டது. கூரையைக் கழற்றிச் சுருட்டினேன். ஒன்றரை வண்டி அகலச் சாலை, இருபுறமும் கல் சுவர். முப்பது, நாற்பது மைல் வேகம்தான். சீட்டிலிருந்து பார்த்தால் முன்சக்கரம் முழுசாகத் தெரிகிறது. ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம் வருகிறது, இடது சக்கரம் ஏறுகிறது, அதன் மேலிருக்கும் மட்கார்டு ஒரு துடி துடிக்கிறது, அதே கணத்தில் ஸ்டீயரிங்கில் உள்ளங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு. கண்ணுக்கு வந்ததும் கைக்கு வந்ததும் ஒன்றே. எம்எக்ஸ்-5 நல்ல கார், ஆனால் அது செய்தியைச் சுருக்கிச் சொல்லும். இது வாசகம் மாறாமல் ஒப்பிக்கிறது. பத்து மைல் போனதும் மனைவி ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரேக்: முதல் மிதியில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். சர்வோ இல்லை, நம் காலே சர்வோ. பழகிய பின் இதைவிடத் துல்லியமான பிரேக் இல்லை. பழகும் வரை ரவுண்டானாக்களில் தூரம் விட்டு ஓட்டுங்கள்.

வேகத்தடை: என்ஜினுக்கு அடியில் சம்ப் (ஆயில் தொட்டி) தொங்குகிறது, வண்டியில் அதுதான் ஆகத் தாழ்ந்த இடம். எங்கள் தெருவில் இருக்கும் வேகத்தடையைச் சாய்வாக ஏறித் தாண்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் வேகத்தடை இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் அதன் மேல் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

சாமான் வைக்க ஒரு குழி இருக்கிறது. பெட்டி நுழையாது, அமுங்குகிற துணிப்பை நுழையும்.

ஏப்ரல் 9 | டெர்பிவாசி

நேற்றையதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பக்கவாட்டில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பாதுகாப்புத் தகடு உண்டு, ஆனாலும் அரைக்கால் சட்டையோடு இறங்காதீர்கள். கேட்டர்ஹாம்காரர்கள் பலர் கெண்டைக்காலில் ஒரு தழும்பைப் பெருமையாகக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

ஏப்ரல் 20 | டெர்பிவாசி

சென்னையிலிருந்து ஒரு தம்பி, “இங்கே கொண்டுவந்து பூட்டி ஓட்ட முடியுமா?” என்று கேட்கிறார்.

நடக்காத காரியம் தம்பி. இங்கே பிரிட்டனில் தனியாள் பூட்டிய ஒரே ஒரு காரைச் சோதித்துச் சான்று தர முறை இருக்கிறது. நம் ஊர் விதிகள் ஒரு மாடலுக்கே ஒப்புதல் வாங்கும் தயாரிப்பாளரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தியாவில் இந்த வகை இருந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். சின்காரா என்ற நிறுவனம் செவன் சாயலில் ஒரு ரோட்ஸ்டர் செய்தது, இசுசு 1.8 என்ஜினோடு. அதற்கும் முன்பே நம் கோவையில் கரிவரதன் மாருதி 800-இன் என்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். ஐநூறு, அறுநூறு கிலோவுக்குள் ஒரு காரைக் கட்டினால் சின்ன என்ஜினே போதும் என்பதை கோயம்புத்தூர்காரர்களுக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். எங்கேயாவது ஒரு கோ-கார்ட்டாவது ஓட்டிப் பாருங்கள். செவன் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அது மோசமான வழி அல்ல.

மே 7 | டெர்பிவாசி

மே மாத விடுமுறைக்கு ஸ்டோன்லீயில் நடக்கும் கிட் கார் கண்காட்சிக்குப் போய்வந்தேன். கவென்ட்ரிக்காரனுக்கு அது வீட்டு வாசல், வரவில்லை என்று கேள்விப்பட்டேன்!

கேட்டர்ஹாம் மட்டும்தான் உலகம் என்று இருப்பவர்கள் அங்கே ஒரு சுற்று சுற்றினால் போதும். செவன் சாயலில் எத்தனையோ: கிரேட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ஸ் கம்பெனியின் ஸீரோ, எம்கே இண்டி, டைகர், பழைய ராபின் ஹுட், சொந்தமாகக் குழாய் அறுத்து வெல்டிங் வைத்துச் செய்த லோகாஸ்ட்கள். வெல்டிங்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிலரது வெல்டிங் கோலம் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும், சிலருடையதைப் பார்த்தால் அந்த வண்டியில் உட்காரவே யோசிப்பீர்கள்.

நான் அதிக நேரம் நின்றது பழைய வெஸ்ட்ஃபீல்டுகளிடம். 1980-களின் தொடக்கத்தில் கிறிஸ் ஸ்மித் தொடங்கியது. முதலில் செவனுக்கு மிக நெருக்கமாக இருந்ததால் கேட்டர்ஹாம் வழக்குப் போட்டது, அப்புறம் வடிவத்தை மாற்றினார்கள். 2022-ல் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. உடல் ஃபைபர் கிளாஸ், கேட்டர்ஹாம் போல அலுமினியத் தகடு அல்ல. உள்ளே அகலம் தாராளம். எனக்கு எஸ்3-ஐ விட இதில் தோள் சௌகரியமாக உட்கார்ந்தது. விலையும் இறங்கும். கேட்டர்ஹாம் விற்கும்போது விலை நிற்கும், வெஸ்ட்ஃபீல்டு அவ்வளவு நிற்காது. ஆனால் நிற்காத விலையில்தானே நாமும் வாங்குகிறோம்.

பழையது பார்க்கப் போகிறவர்கள் டார்ச்சும் ஒரு பாயும் எடுத்துப் போங்கள். கீழே படுத்துப் பார்க்க வேண்டும். சம்ப்பில் அடி வாங்கிய பள்ளம் இருக்கிறதா, சேஸிக் குழாயில் பவுடர் கோட்டிங் உரிந்து துரு புகுந்திருக்கிறதா என்று. முக்கியமாகத் தகடு குழாயோடு ரிவெட் அடித்திருக்கும் ஓரங்களில் பாருங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். எந்த என்ஜின் என்று கேளுங்கள். ரோவர் கே-சீரிஸ் என்றால் ஹெட் காஸ்கெட் எப்போது மாற்றினார்கள் என்று அடுத்த கேள்வி.

அதைவிட முக்கியம் காகிதம். வி5சி என்ற பதிவுச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது? கண்முன் நிற்பது இரண்டு சீட் திறந்த கார், காகிதத்தில் ‘ஃபோர்டு சியரா, சலூன்’ என்று ஏதோ மூடிய குடும்பக் காரின் பெயர் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். எவனோ ஒருவன் சோதனைக்கு அனுப்பாமல் பழைய வண்டியின் பதிவையே ஒட்டியிருக்கிறான், தலைவலி இனி உங்களுடையது. கியூ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் அப்படியல்ல, அது நேர்மையானது. வண்டியின் வயதோ மூலமோ உறுதியாகத் தெரியவில்லை என்று மட்டும் பொருள். விற்கும்போது ஆட்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

மே 19 | டெர்பிவாசி

170-ஐ ஓட்டிவிட்டேன். மார்ச் 9 குறிப்பில் பொம்மைக் கணக்கு என்று எழுதியதை இங்கே வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

பொம்மைதான். ஆனால் இத்தனை நாளில் ஓட்டியதில் முழுசாக ஓட்டிய ஒரே கார் இதுதான். 440 கிலோ. டயர் 155 அகலம், நம் ஊர் ஆல்ட்டோவில் பார்க்கிற அகலம். பின்னால் சுசுகியின், இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் முழு ஆக்ஸில். ஜப்பானின் கெய் கார் என்ற குட்டிக் கார் வகையின் அகல வரம்புக்குள் அடங்கும் என்பதால் சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தாலும் மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. டயர் அகலம் குறைவு என்பதால் நாற்பது மைல் வேகத்திலேயே வளைவில் பேச ஆரம்பித்துவிடுகிறது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்தி, அங்கேயே வைத்திருக்கலாம். 360-இல் அப்படி ஒரு கணம்தான் முடியும், பிறகு காலை எடுக்கத்தான் வேண்டும்.

குறை இல்லாமலில்லை. டர்போ கொஞ்சம் தாமதித்துத்தான் விழிக்கிறது. சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, சிக்மாவின் உறுமல் இதில் இல்லை. பின் ஆக்ஸில் குழியில் குதிக்கும்போது முதுகெலும்பு எண்ணிக்கை சரிபார்க்கப்படும். மோட்டார்வேயில் 270-ஐ விட இன்னும் பரிதாபம். எஸ்வி அகலத்தில் கிடையாது, எனவே கவென்ட்ரிக்காரனுக்கு இது ஆகாது என்றே நினைக்கிறேன்.

வளைவுகளுக்குப் பேர்போன கேட் அண்ட் ஃபிடில் ரோட்டுக்குப் போய்ப் பார்க்கலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். மாக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டன் போகும் அந்த ரோட்டில் சராசரி வேகக் கேமரா. 170-க்குக் கூட அந்த ரோடு இப்போது வேஸ்ட்.

மே 20 | டெர்பிவாசி

“அப்படியானால் லோட்டஸ் எலீஸ் வாங்கலாமே, கதவு இருக்கிறதே” என்பவருக்கு: வாங்கலாம். 1996-ல் வந்தது, பசையால் ஒட்டிச் சேர்த்த அலுமினிய சேஸி, அற்புதமான கார். கிட் அல்ல, இந்த இழையும் அல்ல.

ஜூன் 2 | டெர்பிவாசி

பூட்டுவதைப் பற்றி. கேட்டர்ஹாம் கிட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 80 முதல் 100 மணி நேரம். வெல்டிங் இல்லை, பெயின்ட் இல்லை. என்ஜினைத் தூக்கி இறக்க ஒரு கிரேன் வாடகைக்கு எடுக்க வேண்டும், இன்னொரு ஆள் வேண்டும். நண்பர் வீட்டில் நான்தான் அந்த இன்னொரு ஆள். கியர்பாக்ஸோடு சேர்த்து என்ஜினைச் சாய்த்து இறக்கும்போது இடைவெளி விரல்கடை அளவுதான். அலுமினியத் தகட்டில் கீறல் விழாமலிருக்க அவர் மனைவியின் பழைய பெட்ஷீட்டைச் சுற்றினோம். பழையது என்று அவர் சொன்னார். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை.

பூட்டிய வண்டி ரோட்டுக்கு வர ஐவிஏ என்ற அரசுச் சோதனை தாண்ட வேண்டும். 2009-ல் பழைய எஸ்விஏ-வுக்குப் பதிலாக வந்தது. ஆள் மோதினால் படக்கூடிய வெளிப்புற விளிம்புகளுக்குக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதனால் நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி, தகடு ஓரங்களுக்கு ரப்பர் என்று போட்டுக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வந்ததும் அவை என்ன ஆகின்றன என்று நான் எழுதப் போவதில்லை.

பூட்டுவதில் ஆசை இருப்பதும் ஓட்டுவதில் ஆசை இருப்பதும் வேறு வேறு ஆசைகள். கண்காட்சியில் சந்தித்தவர்களில் பாதிப் பேர் முதல் வகை. வண்டி முடிந்ததும் விற்றுவிட்டு அடுத்த கிட்டுக்குப் பெட்டி உடைக்கிறார்கள். அவர்களிடமிருந்து பழையது வாங்குவது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது, அதிகம் ஓடாத வண்டியாகக் கிடைக்கும்.

ஜூன் 16 | டெர்பிவாசி

பழைய விமானத் தளம் ஒன்றில் பயிற்சியாளரோடு ஒரு நாள் கிடைத்தது. ஈரத் தரை. ‘டிராக் அனுபவம்’ என்று விற்கப்படுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு, வாங்கும் முடிவுக்கு அது உதவாது என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஈரமாக இருந்தால் உதவும் என்று இப்போது சொல்கிறேன்.

ஏபிஎஸ் இல்லாத பிரேக்கை ஈரத்தில் அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மற்ற கார்களில் அதைச் சத்தத்தால், நழுவலால் ஊகிக்க வேண்டும். செவனில் கண்ணால் பார்க்கலாம். வண்டி போய்க்கொண்டேயிருக்கிறது, இடது முன் டயரில் எழுதியிருக்கும் எழுத்து அசையாமல் நிற்கிறது, படிக்க முடிகிறது. “எழுத்துத் தெரிந்தால் காலைத் தளர்த்து” என்றார் பயிற்சியாளர். அரை நாளில் அது காலுக்குப் பழகிவிட்டது. சாலையில் இதைக் கற்றுக்கொள்ள முயலக் கூடாது.

ஜூன் 30 | டெர்பிவாசி

கவென்ட்ரிக்காரன் தனிச்செய்தியில் எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்குகிறேன். ஒரு எஸ்வி 360-ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறார். கால் நுழைகிறது, ஒடுக்கமான ஷூ வாங்கியதும் பெடல் பிரச்சினை தீர்ந்தது. ஆபீசுக்கு வாரம் ஒருநாள் இதில் போகலாம் என்ற திட்டம் முதல் காலையிலேயே கைவிடப்பட்டது. பன்னிரண்டு வயது மகளுக்குப் பிடித்திருக்கிறது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. கிட் ஆசை குறைந்துவிட்டது, ஏனென்றால் கராஜில் இப்போது இருப்பதை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார். எம்எக்ஸ்-5-ஐ விற்பதில்லை என்று முடிவு.

கடைசி முடிவுதான் எனக்குப் பிடித்தது. இதை ஒரே காராக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு மழைக்காலம் பேசிப் பாருங்கள்.

180 பிஎச்பி அவருக்குப் போதுமானதாக இருந்ததா என்று கேட்டேன். “பாதி போதும்” என்று பதில்.

ஜூலை 14 | டெர்பிவாசி

கவென்ட்ரிக்காரன் வாங்கிவிட்டார். பழைய எஸ்வி, 1.6 சிக்மா, ஐந்து கியர். அந்த கியர்பாக்ஸ் எம்எக்ஸ்-5-லிருந்து வந்ததுதான், ஆகவே அவர் கைக்கு ஏற்கெனவே தெரியும். தரை தாழ்த்தியது. லோட்டஸ் செவன் கிளப்பில் சேர்ந்து, மாதச் சந்திப்பில் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனதில் இந்த வண்டி கைக்கு வந்திருக்கிறது. அவர்கள் இதற்கு ‘ப்ளாட்’ போவது என்பார்கள். விளம்பரத்துக்கே வராத வண்டி. மார்ச்சிலேயே கிளப்பைப் பற்றி யாராவது எழுதியிருக்கலாம் என்று குறை சொல்கிறார், நியாயம்தான். வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போங்கள். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பக்கத்து சீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பாலிசியாகப் பாருங்கள். வருட மைல் வரம்பைக் குறைவாகப் போட்டால் பிரீமியமும் குறையும்.

டயர் காற்று எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். எம்எக்ஸ்-5 பழக்கத்தில் முப்பதுக்குக் கொண்டுபோகாதீர்கள், ரோட்டில் தத்தித் தத்திப் போகும். இந்த எடைக்குக் குளிர்ந்த டயரில் 18-லிருந்து 20 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க் மீட்டரை நம்ப வேண்டாம், தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.